உபாத்தியாயர்கள் யாரிடம் கற்பது?

பிள்ளைகளுக்கு எதைக் கற்பிப்பது, எந்தப் பாஷையில் கற்பிப்பது, யார் கற்பிப்பது என்கின்ற கேள்விகளுக்காக நமது நாட்டில் நடந்திருக்கின்ற விவாதங்களும் சண்டைகளும் கொஞ்சமல்ல. ஆனால் கற்பிக்கின்றவர் தாம் யாரிடம் கற்பது என்கின்ற கேள்வியைப் பற்றி ஜனங்கள் அவ்வளவாகக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. வைத்தியர் ஒருவர் இருபது வருஷத்துக்கு முன் படித்த மருந்தையே இன்றைக்கும் கொடுத்துக் கொண்டிருந்தால் நாம் அவரிடம் போகமாட்டோம். வக்கீல் ஒருவர் ரத்தாகிப் போன சட்டத்தைக் கோர்ட்டில் எடுத்துக் காட்டினால் கட்சிக்காரர் வேறு வக்கீலைத் தேடுவார். உபாத்தியாயர் மட்டும் பயிற்சிப் பள்ளியில் ஒரே தடவை வாங்கின சரக்கை வைத்துக் கொண்டு முப்பது வருஷம் வியாபாரம் செய்துவிடலாம் என்று நினைத்துக் கொண்டிருக்கின்றோம்.

இதை உபாத்தியாயர் மேல் குற்றஞ் சாட்டுவதற்காகச் சொல்லவில்லை. அவருடைய நிலைமையைச் சற்று யோசித்துப் பார்க்க வேண்டும். மற்ற தொழிலாளிகளெல்லாம் ஒருவர் வேலையை ஒருவர் பார்த்துக் கொண்டே வேலை செய்கின்றார்கள். உபாத்தியாயரோ கதவைச் சாத்திக் கொண்டு தனியாய் வேலை செய்கின்றார். பக்கத்து வகுப்பில் நடப்பது அவருக்குத் தெரியாது. அவர் வகுப்பில் நடப்பது மற்றவருக்குத் தெரியாது. இந்தியாவில் ஒரே உபாத்தியாயரைக் கொண்டு நடக்கும் பள்ளிக்கூடங்கள் மாத்திரம் 2024-25-ம் வருஷத்துச் சர்க்கார் கணக்குப்படி ஒரு லட்சத்து நாலாயிரத்துக்கு மேல் இருக்கின்றன. அப்படிப்பட்ட பள்ளிக்கூடத்தில், பின்னக் கணக்கு புரியாமல் விழிக்கின்ற பிள்ளைக்கு வேறு எந்த மாதிரியாய்ச் சொல்லிப் பார்க்கலாம் என்று உபாத்தியாயர் கேட்க வேண்டுமானால் சுவரைத்தான் கேட்க வேண்டும்.

வருஷத்தில் சில நாள் பயிற்சி என்று ஒன்று நடத்துகின்றார்களே என்று சொல்லலாம். நடத்துகின்றார்கள்தான். ஆனால் அதில் பெரும்பாலும் நடப்பதென்ன? மேலேயிருந்து ஒருவர் வருவார். அவருக்கு அதற்கும் மேலேயிருந்து ஒருவர் சொல்லிக் கொடுத்ததை ஒப்பிப்பார். கீழே இருப்பவர்கள் எழுதிக் கொண்டு, கையெழுத்துப் போட்டுவிட்டு, பஸ் ஏறி ஊருக்குப் போவார்கள். "எங்கள் பள்ளிக்கூடத்தில் இது நடக்கவில்லையே, ஏன்?" என்று கேட்பதற்கு அங்கே இடமும் குறைவு, நேரமும் குறைவு. கேட்டாலும் பதில் சொல்லுகின்றவருக்கு அந்த வகுப்பின் அனுபவம் இருப்பதில்லை. மேலே இருப்பவர் சொல்லுவதும் கீழே இருப்பவர் கேட்டுக் கொள்ளுவதும் என்கின்ற இந்தப் பழைய ஏற்பாட்டுக்குக் குருகுலம் என்று பேர் வைத்தாலென்ன, பயிற்சி முகாம் என்று பேர் வைத்தாலென்ன, குணம் ஒன்றுதான்.

இந்த நிலைமையில்தான் கைபேசியும் அதன் வழியாக வந்த சமூக வலைத்தளங்களும் ஒரு புது வாசலைத் திறந்திருக்கின்றன. அந்த வாசல் வழியாக என்ன செய்யக்கூடும் என்பதற்கு வெளிநாட்டு உபாத்தியாயர்கள் செய்து காட்டியிருக்கும் சில காரியங்களை வாசகர்களுக்குச் சொல்ல ஆசைப்படுகின்றோம்.

2009-ம் வருஷத்தில் கல்வித்துறையைச் சேர்ந்த மூன்று பேர் சேர்ந்து, ட்விட்டரில் 'எட்சாட்' என்று ஒரு அடையாளச் சொல்லை ஏற்படுத்தி, வாரத்தில் செவ்வாய்க்கிழமைதோறும் ஒரு கேள்வியை எடுத்துக் கொண்டு விவாதிக்கலாம் என்று அழைப்பு விடுத்தார்கள். கேள்வியும் பதிலும் 140 எழுத்துக்களுக்குள் அடங்க வேண்டும் என்பதே அப்போது ட்விட்டரின் விதி. அந்தச் சிறு கட்டத்துக்குள் உபாத்தியாயர்கள் ஆயிரக்கணக்கில் வந்து புகுந்தார்கள். அடுத்த வருஷமே பிரிட்டனில் வியாழக்கிழமை இரவு 8 மணிக்கு இதே மாதிரியான விவாதம் ஆரம்பமாயிற்று. ஸ்காட்லாந்தில் 2006-ம் வருஷத்திலேயே 'டீச்மீட்' என்று ஒரு கூட்டமுறை ஆரம்பித்திருந்தார்கள். அதன் ஏற்பாடு நமக்கு மிகவும் பிடித்திருக்கின்றது. வேலையிலிருக்கும் உபாத்தியாயர் யாராயிருந்தாலும் எழுந்து, தமது வகுப்பில் தாமே செய்து பார்த்த ஒன்றை ஏழு நிமிஷத்திலோ இரண்டு நிமிஷத்திலோ சொல்லிவிட்டு உட்கார வேண்டும். தலைமைப் பிரசங்கம் கிடையாது. சாமான் விற்க வருகின்றவனுக்குப் பேச்சு கிடையாது.

இதனால் உபாத்தியாயர்களுக்கு என்ன லாபம் என்று ஆராய்ச்சிக்காரர்களும் விசாரித்துப் பார்த்திருக்கின்றார்கள். அமெரிக்காவில் கார்ப்பெண்டர், குருட்கா என்னும் இருவர் ட்விட்டரை உபயோகிக்கும் 755 கல்வியாளர்களிடம் கேட்டு 2014-ல் வெளியிட்ட முடிவில், அநேகர் சொன்ன சங்கதி, தாங்கள் தனிமையிலிருந்து விடுபட்டோம் என்பதாகும். தங்கள் பள்ளிக்கூடத்தில் நடத்தும் வழக்கமான பயிற்சிகளைவிட இது மேலானது என்றும் பலர் சொன்னார்கள். ஏற்கெனவே அதில் ஆசை கொண்டு சேர்ந்தவர்களைக் கேட்டால் அப்படித்தானே சொல்லுவார்கள் என்று ஒருவர் ஆட்சேபிக்கலாம். அந்த ஆட்சேபணை நியாயமானதே. ஆனாலும் இத்தனை பேர் சம்பளமில்லாமல், உத்தரவில்லாமல், தங்கள் சொந்த இரவில் தொழிலைப் பற்றிப் பேச வந்தார்கள் என்கின்ற விஷயம் மறுக்கக் கூடியதல்ல.

நாம் இதில் முக்கியமாகக் கவனிப்பது வேறொன்று. அந்த விவாதங்களில் பட்டிக்காட்டு ஆரம்பப் பள்ளி உபாத்தியாயினி ஒருத்தி பேரெடுத்த பேராசிரியர் ஒருவரைப் பார்த்து, "நீங்கள் சொல்லுவதற்கு ஆதாரமென்ன?" என்று கேட்கக் கூடியதாயிருந்தது. பேராசிரியர் பதில் சொன்னால் ஊரே பார்க்கும். சொல்லாவிட்டாலும் ஊரே பார்க்கும். டாம் பென்னட் என்கின்ற உபாத்தியாயர், கல்வி ஆராய்ச்சியை உபாத்தியாயர்களே கையிலெடுத்துச் சோதிக்க வேண்டுமென்று ட்விட்டரில் நடந்த பேச்சைத் தொடர்ந்துதான் 2013-ல் 'ரிசர்ச்எட்' என்னும் மகாநாட்டை லண்டனில் கூட்டினார். பிறகு அது பல தேசங்களுக்கும் பரவிற்று. கீழே இருப்பவர் மேலே இருப்பவரைக் கேள்வி கேட்கும்படியான ஒரு வழி கிடைத்ததே இந்தச் சாதனத்தின் யோக்கியதை. அந்த வழி இல்லாவிட்டால் இந்தச் சாதனத்தினால் உபாத்தியாயருக்கு ஒரு காசுக்கும் பிரயோஜனமில்லை என்பது நமது அபிப்பிராயம்.

நிற்க, நமது நாட்டில் நடப்பதென்ன என்று பார்ப்போம்.

நமது உபாத்தியாயர் கையில் வாட்ஸ்அப் இருக்கின்றது. ஒருவர் ஒரு குழுவிலல்ல, பத்துக் குழுவில் இருக்கின்றார். பள்ளிக்கூடத்துக்கு ஒரு குழு, வட்டாரத்துக்கு ஒரு குழு, பாடத்துக்கு ஒரு குழு, சங்கத்துக்கு ஒரு குழு, பயிற்சிக்கு ஒரு குழு. இத்தனை குழுவிலும் நடக்கும் காரியத்தைப் பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் இரண்டே வகையில் அடங்கிவிடும். ஒன்று, உத்தரவு. மற்றொன்று, வந்ததை வாசிக்காமலே வாரி அனுப்புவது.

உத்தரவுக் குழுவை எடுத்துக் கொள்ளுவோம். அதில் மேலதிகாரி எழுதுவார். மற்றவர்கள் கும்பிடுகின்ற கைப்படத்தைப் போடுவார்கள். இரவு பத்து மணிக்கு ஒரு படிவம் வரும். காலை ஒன்பது மணிக்குள் நிரப்பி அனுப்ப வேண்டும். மரம் நட்டால் படம், கை கழுவினால் படம், உறுதிமொழி எடுத்தால் படம். 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டத்தின் 27-வது பிரிவு, ஜனத்தொகைக் கணக்கு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகிய இவைகளைத் தவிர, கல்வியல்லாத வேறு வேலைக்கு உபாத்தியாயரை உபயோகிக்கலாகாது என்று சொல்லுகின்றது. படம் பிடித்து அனுப்புவது கல்வி வேலையா, கல்வியல்லாத வேலையா என்பதை அந்தப் படங்களைக் கேட்கின்றவர்கள்தான் சொல்ல வேண்டும். தொழிலைப் பற்றிப் பேசுவதற்கு வந்த ஒரு சாதனம், தண்டோரா போடுவதற்கும் ஆஜர் எடுப்பதற்கும் உபயோகமாகிக் கொண்டிருக்கின்றது என்பதே நமது வருத்தம்.

அந்தப் படங்களிலே இருப்பவர்கள் பிள்ளைகள் என்பதையும் மறந்து விடுகின்றோம். தப்பாய் விடை சொன்ன பிள்ளை கரும்பலகை முன்னால் நிற்பதையும், கிழிந்த சட்டையோடு இலவசப் புஸ்தகம் வாங்குவதையும் படமெடுத்து ஆயிரம் பேருக்கு அனுப்புவதற்கு அந்தப் பிள்ளையிடமோ பெற்றோரிடமோ யார் சம்மதம் வாங்கினார்கள்? 18 வயதுக்குட்பட்டவர்களுடைய தகவலை உபயோகிக்கப் பெற்றோர் சம்மதம் வேண்டுமென்று 2023-ம் வருஷத்தில் இந்தியப் பார்லிமெண்டு சட்டமே செய்திருக்கின்றது. அதில் சர்க்காருக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் விலக்குகள் இருக்கலாம். பணக்காரன் வீட்டுப் பிள்ளையை இப்படிப் படம் பிடித்து அனுப்பத் துணியாதவர்கள் ஏழை வீட்டுப் பிள்ளையை மாத்திரம் அனுப்புவதற்கு எந்த விலக்கைக் காட்டுவார்கள்? ஏழைப் பிள்ளைக்கும் மானமுண்டு என்பதை உபாத்தியாயரே உணராவிட்டால் வேறு யார் உணர்வார்கள்?

பெண் உபாத்தியாயர்களுடைய சங்கதியையும் இங்கே சொல்லியாக வேண்டும். இந்தியப் பள்ளிக்கூட உபாத்தியாயர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் பெண்கள். தொழிலைப் பற்றிய பேச்செல்லாம் இரவு எட்டு மணிக்கும் ஒன்பது மணிக்கும் நடந்தால், அந்த நேரத்தில் அடுப்பங்கரையில் நிற்கின்றவள் எப்படிப் பேசுவாள்? ஆண் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து கொண்டு கல்வித் தத்துவம் எழுதுவான்; பெண் மறுநாள் காலை பஸ்ஸில் அதை வாசித்துவிட்டுப் பேசாமலிருப்பாள். பிறகு "பெண்கள் விவாதத்தில் கலந்து கொள்ளுவதில்லை" என்று அவனே குறையும் சொல்லுவான். ஆதலால் உபாத்தியாயர் கற்றுக் கொள்ளும் நேரம் சம்பள நேரத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். இரவு நேரத்தைக் கொண்டு நடத்தும் கல்வி, வீட்டு வேலையில்லாத ஆண்களுடைய கல்வியாகத்தான் முடியும்.

இனி, வாரி அனுப்பும் குழுவுக்கு வருவோம். திருநள்ளாறு சனீஸ்வரன் கோவிலுக்கு நேர் மேலே வரும்போது செயற்கைக்கோள்கள் மூன்று விநாடி நின்றுவிட்டுப் போகின்றனவென்றும், அதைக் கண்டு நாசா விஞ்ஞானிகள் பிரமித்துப் போனார்களென்றும் ஒரு கதை பல வருஷங்களாகத் தமிழ்நாட்டுக் கைபேசிகளில் சுற்றிக் கொண்டிருக்கின்றது. சாதாரண ஜனங்கள் அனுப்பினால் அறியாமை என்று விட்டுவிடலாம். பௌதிகம் கற்பிக்கின்றவர்களே இதை அனுப்பினால் என்ன சொல்லுவது? பூமிக்கு மேலே 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஒரு கோள் விநாடிக்கு ஏறக்குறைய ஏழரைக் கிலோமீட்டர் வேகத்தில் போகின்றது. அந்த வேகந்தான் அதைக் கீழே விழாமல் காப்பாற்றுகின்றது. மூன்று விநாடி நின்றால் நாலாவது விநாடி பழைய பாதையில் ஓடாது. பூமியை நோக்கி விழத் தொடங்கும். பதினோராம் வகுப்புப் பிள்ளை கரும்பலகையில் போட்டுக் காட்டக்கூடிய கணக்கு இது. கணக்கைப் போடாமல் அனுப்புவதற்குக் காரணம், நாசா என்கின்ற பேர்தான். முன்னே "ரிஷிகள் சொன்னார்கள்" என்றார்கள்; இப்போது "நாசா சொன்னது" என்கின்றார்கள்.

இதைப் படித்துவிட்டு நமது பகுத்தறிவுத் தோழர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ஆனால் அவர்களுக்கும் ஒன்று வைத்திருக்கின்றோம்.

மனிதன் வாசித்ததில் 10 சதவிகிதமும், கேட்டதில் 20 சதவிகிதமும், பார்த்ததில் 30 சதவிகிதமும், பார்த்துக் கேட்டதில் 50 சதவிகிதமும், தானே பேசியதில் 70 சதவிகிதமும், தானே செய்ததில் 90 சதவிகிதமும் ஞாபகம் வைத்திருக்கின்றான் என்று ஒரு கூம்புப் படத்தை உபாத்தியாயர்களில் பார்க்காதவர்கள் குறைவு. பயிற்சிக் கூடத்தில் திரையில் வரும், குழுவில் வரும், உலகமெங்கும் வருகின்றது. அதன் அடியில் எட்கர் டேல் என்கின்ற அமெரிக்கப் பேராசிரியர் பேர் போட்டிருக்கும். டேல் 1946-ல் வெளியிட்ட புஸ்தகத்தில் ஒரு கூம்பு இருப்பது உண்மை. ஆனால் அந்தக் கூம்பில் ஒரு சதவிகிதமும் கிடையாது! பல வகை அனுபவங்களை வகைப்படுத்திக் காட்டினாரேயொழிய, எதில் எவ்வளவு ஞாபகம் நிற்குமென்று அவர் அளந்ததுமில்லை, அளந்ததாகச் சொன்னதுமில்லை. அந்தச் சதவிகிதங்களோ, 1967-ல் ஒரு அமெரிக்கப் பத்திரிகையில் எண்ணெய்க் கம்பெனியில் வேலை பார்த்த ஒருவர் எழுதிய கட்டுரையில் ஆதாரம் எதுவும் காட்டப்படாமல் வந்தவை. இரண்டையும் யாரோ ஒட்டிவிட்டார்கள். ஒட்டினதை உலகம் கும்பிட்டுக் கொண்டிருக்கின்றது.

கொஞ்சம் புத்தியைச் செலுத்தியிருந்தால் டேலின் புஸ்தகத்தைத் தேடாமலே இதைக் கண்டுபிடித்திருக்கலாம். எந்தப் பாடத்தை வாசித்ததில் பத்துச் சதவிகிதம்? எத்தனை நாள் கழித்துக் கேட்டார்கள்? எத்தனை வயதுப் பிள்ளைகள்? மனித மனம் பத்துப் பத்தாகப் படிக்கட்டு கட்டிக் கொண்டு உட்கார்ந்திருக்குமா? வகுப்பில் மதிப்பெண் போடுகின்ற உபாத்தியாயருக்கு, உண்மையான எண்கள் இப்படி உருண்டையாய் வருவதில்லை என்பது தெரியாதா?

இன்னொன்று, "கற்கும் பாணி" என்பது. சில பிள்ளைகள் கண்ணால் கற்பவர்கள், சிலர் காதால் கற்பவர்கள், சிலர் கையால் கற்பவர்கள். அவரவர் பாணிக்குத் தக்கபடி கற்பித்தால்தான் ஏறும் என்கின்றார்கள். 2008-ல் நான்கு மனோதத்துவ ஆராய்ச்சியாளர்கள் இதற்கான சோதனைகளை யெல்லாம் பரிசீலித்து, இதை நம்புவதற்குப் போதிய ஆதாரமில்லை என்று எழுதினார்கள். அதற்கு நாலு வருஷம் கழித்து, 2012-ல் வெளியான ஒரு விசாரணையில், பிரிட்டன், நெதர்லாந்து உபாத்தியாயர்கள் 242 பேரைக் கேட்டபோது, பிரிட்டனில் நூற்றுக்கு 93 பேர் அதை நம்புவதாகச் சொன்னார்கள். படித்த தேசம், பணக்கார தேசம், ஆராய்ச்சி நடக்கும் தேசம்; அங்கேயே இந்தக் கதி. இதன் பலன் வெறும் தப்பெண்ணத்தோடு நிற்பதில்லை. "இவன் கையால் கற்பவன், புஸ்தகம் இவனுக்கு ஏறாது" என்று ஒரு பிள்ளைக்குச் சீட்டு எழுதிக் கட்டிவிட்டால், அந்தச் சீட்டு பெரும்பாலும் எந்த வீட்டுப் பிள்ளை கழுத்தில் விழும் என்று நாம் சொல்ல வேண்டுவதில்லை. பிறப்பைக் காட்டி "உனக்குப் படிப்பு வராது" என்று சொன்ன நாட்டில், பாணியைக் காட்டி அதையே சொல்லுவதற்கு இன்னொரு சாஸ்திரம் வேண்டுமா?

ஆகவே கோவில் புரளியைக் கண்டு சிரிக்கின்றவர்கள் கூம்பைக் கண்டு கும்பிட்டால், அவர்கள் தெய்வத்தை மாற்றிக் கொண்டார்களேயொழிய பழக்கத்தை மாற்றிக் கொள்ளவில்லை. கேட்காமல் நம்புவதும் கேட்காமல் அனுப்புவதும் எவ்வளவு ஆபத்தானது என்பதை 2018-ம் வருஷம் நமக்குக் காட்டிற்று. அந்த வருஷம் மே மாதத்தில் திருவண்ணாமலை ஜில்லாவில், பிள்ளை பிடிக்கின்றவர்கள் வந்திருப்பதாக வாட்ஸ்அப்பில் பரவிய பொய்யை நம்பி, கோவிலுக்கு வந்த ஒரு முதிய பெண்ணை ஜனங்கள் அடித்தே கொன்றார்கள். இப்படி நாட்டில் பல இடங்களில் நடந்த பிறகுதான் அந்தக் கம்பெனி, ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து பேருக்கோ குழுவுக்கோ மேல் தள்ளிவிட முடியாதபடி இந்தியாவில் தடை போட்டது. தடை இயந்திரத்தில் வந்தது, மூளையில் வந்ததா? அதைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்க வேண்டியவர் உபாத்தியாயர். அவரே கேட்காமல் அனுப்புகின்றவராயிருந்தால் பிள்ளைகள் என்னத்தைக் கற்பார்கள்?

இதற்குச் சிலர் ஒரு சமாதானம் சொல்லுவார்கள். "பயிற்சி கொடுப்பவர் பெரியவர், அனுபவஸ்தர், அவரை எல்லோர் முன்னாலும் ஆதாரம் கேட்பது மரியாதையா? குழுவில் சண்டை வராதா?" என்பார்கள். மரியாதை வேறு, வாயை மூடிக் கொள்ளுவது வேறு. "இது எந்த வகுப்பில் செய்து பார்த்தது, எத்தனை பிள்ளைகளுக்குப் பலித்தது, பலிக்காத இடம் உண்டா?" என்று கேட்பதில் என்ன அவமரியாதை இருக்கின்றது? இந்தக் கேள்வியைக் கேட்டதும் கோபித்துக் கொள்ளுகின்றவரிடம் பதில் இல்லை என்றுதான் அர்த்தம். பெரியவர் என்பதற்காக ஒன்றை ஒத்துக் கொள்ளுவதானால் அதற்குப் பள்ளிக்கூடம் எதற்கு?

வேறு சிலர், "சர்க்கார் உத்தியோகத்தில் இருப்பவர்கள் எப்படிப் பேசுவது? நடத்தை விதி இருக்கின்றதே" என்பார்கள். 1973-ம் வருஷத்துத் தமிழ்நாட்டு அரசு ஊழியர் நடத்தை விதிகள் சர்க்காரைப் பகிரங்கமாய்க் கண்டிக்கக் கூடாதென்கின்றன. அந்த விதி சரியா தப்பா என்பது வேறு விவாதம். ஆனால் ஒரு கற்பிக்கும் முறைக்கு ஆதாரம் கேட்பது சர்க்காரைக் கண்டிப்பதாகுமா? "எனது வகுப்பில் இந்தப் பயிற்சிப் புஸ்தகத்தின் நாலாம் பாடம் பிள்ளைகளுக்குப் புரியவில்லை" என்று எழுதுவது ராஜத்துரோகமா? இல்லையென்றால், இல்லை என்று கல்வி இலாகா எழுத்து மூலமாய்ச் சொல்லிவிட வேண்டும். சொல்லாமலிருக்கின்ற வரையில் பயந்தவன் பேசமாட்டான். பேசாதவனிடமிருந்து உண்மை வெளிவராது. நஷ்டம் இலாகாவுக்கும் பிள்ளைகளுக்குந்தான்.

உபாத்தியாயர் கூடுமிடத்துக்கு வியாபாரியும் வந்து சேருவான் என்பதையும் கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் உபாத்தியாயர்கள் தாங்கள் தயாரித்த பாடங்களை ஒருவருக்கொருவர் விற்றுக் கொள்ளும் சந்தை 2006-லேயே ஏற்பட்டது. 2019-ல் ஃபோர்டாம் என்னும் ஸ்தாபனம், இம்மாதிரி மூன்று இடங்களில் அதிகமாக எடுக்கப்பட்ட 300-க்கு மேற்பட்ட உயர்நிலைப்பள்ளி ஆங்கிலப் பாடச் சரக்குகளைத் தேர்ந்தவர்களிடம் கொடுத்துப் பார்த்தபோது, பெரும்பாலானவை சுமார் ரகம், அல்லது உபயோகிக்கத் தக்கதல்ல என்று முடிவு வந்தது. அதிகம் பேர் எடுத்தது நல்ல சரக்கு என்று நினைப்பது, அதிகம் பேர் கும்பிடும் சாமி சக்தியுள்ள சாமி என்று நினைப்பதைப் போன்றதே. அன்றியும், வலைத்தளத்தில் பேரெடுத்த உபாத்தியாயர்களுக்குக் கம்பெனிகள் சாமான்களும் சலுகைகளும் கொடுத்துத் தங்கள் சரக்கைப் பற்றிப் பேச வைக்கின்றன என்று 2017-ல் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை விவரமாய் எழுதிற்று. நமது நாட்டிலும் எவரேனும் ஒரு செயலியையோ புஸ்தகத்தையோ புகழ்ந்தால், "இதில் உமக்கு என்ன கிடைக்கின்றது?" என்று கேட்டுவிட்டுப் பிறகு வாசிப்பது நல்லது.

இனி வீட்டுக்காரன் சங்கதி. ட்விட்டரில் உபாத்தியாயர்கள் பதிமூன்று வருஷம் பாடுபட்டுக் கட்டினார்களே, அந்த வீடு யாருடையது? 2022-ம் வருஷம் அக்டோபரில் ஈலான் மஸ்க் 4,400 கோடி டாலருக்கு அதை வாங்கினார். 2023-ல் பேரை எக்ஸ் என்று மாற்றினார். ஆராய்ச்சிக்காரர்கள் இலவசமாய்த் தகவல் எடுத்த வழியை அடைத்தார். அங்கே பேசிக் கொண்டிருந்த உபாத்தியாயர்களில் பலர் வேறு வேறு தளங்களுக்குப் பிரிந்து போய்விட்டார்கள். அவர்களுடைய பழைய கேள்விகளும் பதில்களும் அவர்கள் கையில் இல்லை. வீட்டுக்காரன் கையில் இருக்கின்றன. வாட்ஸ்அப்பும் தருமச் சத்திரமல்ல. அதை 2014-ல் பேஸ்புக் வாங்கிற்று. அதுவும் லாபத்துக்கு நடக்கும் கம்பெனிதான். வாடகை கேட்காத வீட்டில் குடியிருக்கின்றவன் தன் சாமானைப் பத்திரமாய் வேறு இடத்திலும் வைத்துக் கொள்ள வேண்டும்.

இது முடியாத காரியமல்ல என்பதற்குப் பக்கத்து ராஜ்யமாகிய கர்நாடகமே சாட்சி. அங்கே 2011 முதல் சர்க்கார் உயர்நிலைப்பள்ளிக் கணக்கு, விஞ்ஞானம், சமூகப் பாட உபாத்தியாயர்களுக்கென்று பாடவாரியாய் மன்றங்கள் ஏற்படுத்தி, மின்னஞ்சல் குழு மூலமாய்க் கேள்வி பதில் நடத்தி, அவர்கள் தயாரித்ததை யாரும் காசில்லாமல் எடுத்துக் கொள்ளவும் திருத்தவும் கூடிய பொதுக் களஞ்சியத்தில், கன்னடத்திலும் சேர்த்து வைத்தார்கள். தாய்பாஷையில் உபாத்தியாயர்கள் தங்கள் தொழிலைப் பற்றி எழுதி வைத்தால்தான் கிராமத்து உபாத்தியாயருக்கு அது எட்டும். ஆங்கிலத்தில் நடக்கும் விவாதம் எவ்வளவு உயர்வாயிருந்தாலும் பட்டணத்துப் பள்ளிக்கூட வாசலிலேயே நின்றுவிடும்.

ஆதலால் உபாத்தியாயத் தோழர்களுக்கும் அவர்களுடைய சங்கங்களுக்கும் நாம் சொல்லுவதாவது: உத்தரவுக் குழு ஒன்று இருந்து தொலையட்டும், அதைத் தவிர, அதிகாரி யாருமில்லாத, பாடத்தைப் பற்றி மாத்திரம் பேசுகின்ற சிறு குழு ஒன்றை வட்டாரந்தோறும் ஏற்படுத்துங்கள். இருபது முப்பது பேர் போதும். அதில் எதை அனுப்பினாலும் யார் சொன்னது, எங்கே செய்து பார்த்தது என்கின்ற இரண்டையும் சேர்த்து அனுப்புவதென்றும், பிள்ளைகளுடைய முகத்தை அனுப்புவதில்லை என்றும் முதல் நாளே தீர்மானித்துக் கொள்ளுங்கள். பலித்ததைப் போலவே பலிக்காததையும் எழுதுங்கள். மாதத்துக்கொரு முறை அதில் தேறியதைத் தமிழில் தொகுத்துத் தனியே பத்திரப்படுத்துங்கள். நடத்தும் பொறுப்பு பாதிக்குக் குறையாமல் பெண்களிடம் இருக்கட்டும். நேரத்தையும் அவர்களே குறிக்கட்டும்.

கல்வி இலாகாவுக்குச் சொல்லுவது மூன்றே. பள்ளிக்கூட நேரம் முடிந்த பிறகு வாட்ஸ்அப்பில் உத்தரவு அனுப்புவதை நிறுத்த வேண்டும். வாரத்தில் ஒரு மணி நேரமாவது உபாத்தியாயர் மற்ற உபாத்தியாயர்களோடு பேசிக் கற்பதற்கென்று வேலை நேரத்திலேயே ஒதுக்க வேண்டும். கற்பிக்கும் முறைக்கும் பாடப் புஸ்தகத்துக்கும் ஆதாரம் கேட்பதும் குறை சொல்லுவதும் நடத்தை விதிக்கு விரோதமல்ல என்று எழுத்து மூலமாய் அறிவிக்க வேண்டும். இவற்றில் எதற்கும் புதுக் கட்டிடமோ புது இயந்திரமோ கோடிக்கணக்கான பணமோ வேண்டியதில்லை. உபாத்தியாயர் சங்கங்கள் தங்களது அடுத்த மகாநாட்டில் சம்பளத் தீர்மானத்துக்குப் பக்கத்திலேயே இந்த மூன்று தீர்மானங்களையும் நிறைவேற்றி இலாகாவுக்கு அனுப்ப வேண்டுமாய்க் கேட்டுக் கொள்ளுகின்றோம்.